பழைய பஸ்ஸுக்கு எந்த ஏசி? வாசகர் கேள்வி – பதில்

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. பழைய பஸ்ஸை வாங்கித் தங்கும் வண்டியாகவோ மருத்துவ முகாம் வண்டியாகவோ மாற்றுகிறார்கள். கூரையில் எந்த ஏசி வைப்பது என்று கேட்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

ஏலத்தில் 9 மீட்டர் பள்ளி பஸ் ஒன்றை எடுத்திருக்கிறோம். குடும்பத்தில் ஆறு பேர். நவக்கிரகக் கோயில்கள், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போய் இரவில் வண்டியிலேயே தூங்கத் திட்டம். பாடி வேலைக்குக் கரூர் போகப்போகிறது. ஒரு கடையில் 1 டன் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 3 டன் இல்லாமல் முடியாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், கும்பகோணம்

வண்டியின் கூரைத் தகட்டுக்கும் உள் சீலிங்குக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று இரண்டு கடைக்காரர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைப் பார்க்காமல் டன் சொல்ல முடியாது. நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ. அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். உள்ளே எவ்வளவு வெப்பம் வருகிறதோ அவ்வளவை ஏசி தள்ள வேண்டும்.

முதலில் கூரை. 9 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம் என்றால் ஏறக்குறைய 21.5 சதுர மீட்டர். மே மாத மதியத்தில் அடர்நிறத் தகடு 65 டிகிரி வரை சுடும். உள்ளே 26 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 39. தகடு, நடுவில் வெறும் காற்று, கீழே பிளைவுட் என்று இருந்தால் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு சதுர மீட்டர் வழியாகச் சுமார் 3 வாட் இறங்கும். பெருக்கினால் 2,500 வாட். அதே இடத்தில் 50 மி.மீ. பஃப் (வெப்பம் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை) வைத்தால், இரும்புச் சட்டங்கள் வழியாகக் கசிவதையும் சேர்த்தே 600, 700 வாட்டுக்கு மேல் போகாது.

அடுத்தது கண்ணாடி. பள்ளி பஸ்ஸில் இரண்டு பக்கமும் சேர்த்து 10 சதுர மீட்டருக்குக் குறையாது. வெயில் விழும் பக்கத்து 5 சதுர மீட்டர் வழியாக, சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தாலும் 2,500 வாட் வந்துவிடும். பாதி ஜன்னல்களைத் தகடும் பஃப்பும் வைத்து அடைத்து, மீதிக்கு வெளிப்பக்கம் தூக்கிக் கட்டும் திரை போட்டால் இது 600 வாட்டுக்குள் வரும். உள்பக்கத் திரை ஓரளவுக்குத்தான் உதவும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். கறுப்பு ஃபிலிம் யோசனை வேண்டாம். பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமாவது போக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

பக்கச் சுவர்கள்: வெறும் தகடு என்றால் 1,300 வாட், பஃப் வைத்தால் 300. ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு 115 வாட் வீதம் 700. ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறி 300.

கடைசியாக, யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: சந்து வழியாக நுழையும் காற்று. பள்ளி பஸ்ஸின் இழுவை ஜன்னல், மடக்குக் கதவு, டிரைவர் பெடல் துளைகள் வழியாக நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று சர்வசாதாரணமாக வரும். நம் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தையும் ஏசி பிழிந்து வெளியேற்ற வேண்டியிருப்பதால் இது மட்டுமே 2,300 வாட். ரப்பர் பீடிங் போட்டு அடைத்து 20 லிட்டராகக் குறைத்தால் 750. அதற்குக் கீழே குறைக்கவும் கூடாது, ஆறு பேர் மூச்சுவிட வேண்டும்.

கூட்டுங்கள். இப்போதிருக்கும் நிலையில் 9,600 வாட், ஏறக்குறைய 2.75 டன். வேலை செய்த பிறகு 3,300 வாட். 1 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரே வண்டிதான், ஏசி மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. அதற்கேற்ப பேட்டரி, ஜெனரேட்டர், வயர் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் ஏசியைக் கடைசியில் வாங்குங்கள் என்று சொல்கிறோம். கரூரில் வண்டியை விடும்போதே உள் சீலிங்கைக் கழற்றி பஃப் அடிப்பதையும் ஜன்னல் அடைப்பதையும் பேசி முடித்துவிடுங்கள். சீலிங் மூடிய பிறகு அந்த வேலை இரட்டிப்புச் செலவு. கூரைக்கு வெளியே வெள்ளை பெயிண்ட் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். எந்த வடிவமைப்புக்காகவும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் உள்ள டன் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். அது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெயிலில் காயும் கூரைமேல், வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் உறிஞ்சும் காற்று 45 டிகிரியைத் தொடும். திறன் 10 சதவீதமாவது குறையும். 46 டிகிரியில் அளந்த ‘டி3’ மதிப்பு விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மதிப்பே 1 டன் கொடுத்தால் போதும்.

9 மீட்டர் வண்டிக்கு 15,000 பிடியூ கருவி ஒன்றைவிட 9,000 பிடியூ கருவி இரண்டு மேல். பகலில் இரண்டும் ஓடட்டும், இரவில் படுக்கைப் பக்கம் உள்ளது மட்டும் ஓடட்டும். வழியில் ஒன்று பழுதானாலும் குழந்தைகள் தூங்க முடியும். கூரையில் இரண்டு ஓட்டை போட வேண்டும் என்பது குறைதான். ஒழுங்காக அடைத்தால் பயமில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், அங்கே வேன்களில் வைக்கும் 15,000 பிடியூ கூரை ஏசியைக் கப்பலில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கருவி. நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை மாற்றாது. கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றி அதிகச் சூடேறும், சீக்கிரம் காயில் எரியும். கெப்பாசிட்டர், கன்ட்ரோல் போர்டு எதுவும் இங்கே கிடைக்காது. ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்கான 230 வோல்ட் கருவிகள் பொருந்தும். வாங்கும் முன் கூரைத் துளையின் அளவைக் கேளுங்கள்: அமெரிக்க வகைக்கு 14 அங்குலச் சதுரம், ஐரோப்பிய வகை பலவற்றுக்கு 400 மி.மீ. சதுரம். கருவி கைக்கு வரும்வரை கூரையை வெட்டக் கூடாது.

எங்கள் வண்டியில் 2 டன் கூரை ஏசி இருக்கிறது. பத்தே நிமிடத்தில் சில்லென்று ஆகிவிடுகிறது. ஆனால் மெத்தை, தலையணை எல்லாம் நசநசவென்று ஈரமாகவே இருக்கிறது, பூஞ்சை வாடை வருகிறது. கேஸ் குறைவா?
– வாசகி, நாகப்பட்டினம்

கேஸ் குறைந்திருந்தால் பத்து நிமிடத்தில் குளிராது. உங்கள் ஏசி வண்டிக்குப் பெரியது, அதுதான் கோளாறு.

கடலோரக் காற்றில் புழுக்கத்தைப் போக்குவது, வெப்பத்தைக் குறைப்பது போலவே பாதி வேலை. கூலிங் காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, சொட்டாகி, வடிகால் வழியே வெளியேற வேண்டும். கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடினால்தான் இது நடக்கும். பெரிய கருவி ஐந்தாறு நிமிடத்தில் வெப்பநிலையை இறக்கிவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. உள்விசிறி மட்டும் சுற்றுகிறது. காயிலில் படிந்திருந்த தண்ணீரை அந்த விசிறி திரும்பவும் காற்றிலேயே கலந்துவிடுகிறது. குளிர் வரும், ஈரம் போகாது.

உடனே செய்யக்கூடியவை: விசிறியை ‘ஆட்டோ’வில் வையுங்கள், கம்ப்ரஸர் நிற்கும்போது அதுவும் நிற்க வேண்டும். விசிறி வேகத்தைக் குறைந்த நிலையில் வைத்தால் காயில் கூடுதலாகக் குளிர்ந்து அதிக ஈரத்தைப் பிடிக்கும். ‘டிரை’ நிலை இருந்தால் இரவில் அதைப் பயன்படுத்துங்கள். 20 டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் நடுங்குவதைவிட 26 டிகிரியும் சிறிய மின்விசிறியும் நல்லது. சுவர்த்தகடு அளவுக்குமேல் குளிர்ந்தால் அதன்மேலேயே வேர்க்கும். மெத்தைக்கு அடியில் பலகை அடைத்திருந்தால் சட்டமாக மாற்றிக் காற்றோட்டம் கொடுங்கள். சமைக்கும்போது ஏசியை நிறுத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். உலை கொதிக்கும் ஆவி முழுவதும் இல்லாவிட்டால் மெத்தையில்தான் போய்ச் சேரும்.

நிரந்தரத் தீர்வு என்றால், அடுத்த முறை மாற்றும்போது வேகம் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் கம்ப்ரஸர் கருவியாக வாங்குங்கள். அது மெதுவாக, நிற்காமல் ஓடும்.

மருத்துவ முகாம் வண்டி வைத்திருக்கிறோம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத்திலிருந்தோ கோயிலிலிருந்தோ வயர் இழுத்து ஏசி போடுகிறோம். பத்து மணிக்குமேல் கம்ப்ரஸர் ‘உம்’ என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் இரண்டு முறை கெப்பாசிட்டர் மாற்றிவிட்டார்.
– வாசகர், மன்னார்குடி

கெப்பாசிட்டர்மேல் பழி போட வேண்டாம். எங்கே வண்டியை நிறுத்தினாலும் முதலில் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து அளக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய வாரங்களில், குறுவை நாற்றங்காலுக்கு போர்வெல் மோட்டார்கள் சேர்ந்து ஓடும்போது கிராமத்து லைனில் 180 வோல்ட்கூட இருக்காது. அதற்குமேல் உங்கள் வயரும் கொஞ்சம் விழுங்குகிறது.

15,000 பிடியூ சாதாரணக் கருவி ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் 35 ஆம்பியர்வரை இழுக்கும். 30 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால், போக வர 60 மீட்டர் செம்பில் சுமார் 1.1 ஓம். 35 ஆம்பியரால் பெருக்கினால் 38 வோல்ட் வயரிலேயே போயிற்று. 185 வோல்ட் வந்தாலும் கம்ப்ரஸருக்குக் கிடைப்பது 147. அதில் மோட்டார் திரும்பாது. உறுமும், சூடாகும், ஓவர்லோடு விழும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. வயர் என்றால் இழப்பு 10 வோல்ட்தான்.

ஆகவே 30 மீட்டர், மூன்று கோர், 4 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்குங்கள். இரு முனையிலும் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக். வீட்டு மூன்று பின் பிளக் இந்த வேலைக்குத் தாங்காது, பின் உருகும். வயரைச் சுருளில் வைத்தபடியே கரண்ட் கொடுக்காதீர்கள், முழுதும் விரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை இளகும்.

வண்டிக்குள் 150 முதல் 270 வோல்ட்வரை சமாளிக்கும் 4 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று, நின்று மறுபடி போட 3 நிமிடத் தாமதம் உள்ளதாக. கம்ப்ரஸர் நின்ற உடனே மறுபடி கிளப்பினால் உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகியிருக்காது; திரும்ப முடியாமல் உறுமும். பழைய கருவியையே வைத்திருப்பதானால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் கிளம்பும் ஆம்பியர் பாதிக்கும் கீழே வரும். புதிது வாங்குவதானால் இன்வர்ட்டர் வகை. அதற்கு இந்த இழுப்பே கிடையாது.

இன்னொன்றும் கட்டாயம்: வண்டியின் நுழைவாயிலிலேயே கசிவு ஏற்பட்டதும் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பாடியிலிருந்து எர்த் வயர். வண்டி ரப்பர் டயர்மேல் நிற்கிறது. எர்த் இல்லாத பள்ளிக்கூடப் பிளக்கிலிருந்து கசிவு ஏற்பட்டால், ஈரத் தரையில் நின்று படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்கும் நோயாளிக்குத்தான் ஷாக் அடிக்கும்.

பேட்டரி, சோலார் மட்டும் வைத்து இரவு முழுக்க ஏசி ஓட்ட முடியுமா? 24 வோல்ட்டிலேயே ஓடும் கூரை ஏசி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், திருவையாறு

பஃப் அடித்த வண்டியில் முடியும். அடிக்காத வண்டியில் முயலவே வேண்டாம்.

லாரி டிரைவர்களுக்காக வந்த 24 வோல்ட் டிசி கருவிகள் இப்போது பெரிய அளவிலும் கிடைக்கின்றன. பேட்டரி கரண்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வர்ட்டரில் 10 சதவீதம் வீணாவது இதில் மிச்சம்; பஸ்ஸின் மின்சாரமும் 24 வோல்ட்தான். இரவில் வெயில் இல்லாததால் தேவை 1.5 முதல் 2 கிலோவாட் குளிர்ச்சிக்குள் அடங்கும். அதற்கு 600 முதல் 800 வாட் மின்சாரம். 8 மணி நேரத்துக்கு 5 முதல் 6.4 யூனிட்.

25.6 வோல்ட், 300 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 7.7 யூனிட் இருக்கும். 80 சதவீதம் எடுத்தால் 6.1. மட்டுமட்டாகத்தான் வரும், உபரி இல்லை. ஃப்ரிட்ஜும் அதிலேயே ஓடுவதானால் 400 ஆம்பியர்-அவர் போடுங்கள். வீட்டு டியூப்ளர் பேட்டரியை அடுக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 0.9 யூனிட். ஏழு பேட்டரி வேண்டும்; 24 வோல்ட்டுக்கு இரண்டிரண்டாக இணைக்க வேண்டியிருப்பதால் எட்டு. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குமேல். அந்த எடைக்கு அச்சும் பட்டையும் பதில் சொல்ல வேண்டும்.

24 வோல்ட் என்றால் ஆம்பியர் அதிகம். முழு வேகத்தில் 50 ஆம்பியர் போகும். பேட்டரியிலிருந்து 5 மீட்டருக்குள் என்றால் 16 சதுர மி.மீ. செம்பு, அதைவிடத் தூரம் என்றால் 25. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 80 ஆம்பியர் ஃபியூஸ். வயர் முனையில் லக் (உலோக வளையம்) போடும் இடத்தில் சுத்தியலால் அடித்து நசுக்குவது நம் ஊர்ப் பழக்கம். அங்கேதான் பின்னால் சூடேறிக் கருகும். ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ளவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

சோலார்: 540 வாட் பலகை சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். பஸ்ஸின் குறுக்கே வைத்தால் நான்கு பலகை 4.5 மீட்டரில் அடங்கும். வெயில் நாளில் 8 யூனிட்வரை எதிர்பார்க்கலாம். கூரைக்கும் பலகைக்கும் நடுவே 75 மி.மீ. இடைவெளி விட்டால் பலகையே கூரைக்கு நிழலாகும், அதன் அடியில் காற்றும் ஓடும். ஏசியின் கண்டன்சர் பக்கத்தில் 30 செ.மீ. காலியாக விடுங்கள். ஒரு சங்கடம் உண்டு: குளுமைக்குப் புளியமர நிழலில் நிறுத்தினால் சோலார் செத்துவிடும், சோலாருக்காக வெட்டவெளியில் நிறுத்தினால் ஏசிக்கு வேலை கூடும். பகல் பயணத்தில் பேட்டரியை நிரப்பிவிட்டு, தங்கும்போது நிழலைத் தேடுவதே சரி. ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற டிசி-டிசி சார்ஜர் அவசியம். லித்தியம் பேட்டரியை நேராக இணைத்தால் அது இழுக்கும் ஆம்பியரில் ஆல்டர்னேட்டர் எரிந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலாரை நம்ப முடியாது. அப்போது ஏசியின் தேவையும் குறைவு.

கூரை ஏசி பொருத்திய முதல் மழையிலேயே ஒழுகியது. சிலிக்கான் பூசினார்கள், அடுத்த மழையில் மறுபடி ஒழுகல். சரியான முறை என்ன?
– வாசகர், சீர்காழி

கருவிகள் சமதளக் கூரைக்காகச் செய்யப்பட்டவை. நம் பஸ் கூரை வளைந்தது. துளையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் சில செ.மீ. இறக்கம் இருக்கும். அதன்மேல் கருவியை நேராக வைத்து போல்ட்டை முறுக்கினால் ரப்பர் கேஸ்கட் நடுவில் நசுங்கி ஓரத்தில் வாய் பிளக்கும். சிலிக்கான் அந்த வாயை ஒரு மழைவரை மூடும், வெயிலில் பிரிந்துவிடும். அதன் எச்சம் இருக்கும் இடத்தில் பெயிண்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. முதலில் அதை முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும்.

சரியான முறைக்கு வருவோம். கூரையின் குறுக்குச் சட்டங்கள் எங்கே போகின்றன என்று உள்ளிருந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே துளை விழ வேண்டும். இடம் போதாமல் சட்டத்தை வெட்டியே தீர வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன் முன்னும் பின்னும் உள்ள சட்டங்களை இணைத்து நீளவாக்கில் 40×40 மி.மீ. குழாய் இரண்டை வெல்டு செய்து பெட்டியாக்குங்கள். கருவி 35 முதல் 50 கிலோ. பிரேக் அடிக்கும்போது அந்த எடை முன்னோக்கித் தள்ளும். தகட்டை மட்டும் நம்பி அதை உட்கார வைக்கக் கூடாது.

ஜிக்சாவால் வெட்டுங்கள். கிரைண்டர் பொறி தெறித்த இடமெல்லாம் ஒரே மாதத்தில் துருப்புள்ளி கிளம்பும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டு. பிறகு கூரை வளைவுக்கு ஏற்ப அடிப்பக்கம் வளைத்து, மேல்பக்கம் சமமாக ஒரு சட்டம் செய்து, துளையைச் சுற்றி உட்கார வைக்கவும். மேல்பக்கம் கூரையைவிட 25 மி.மீ. உயரமாவது இருந்தால் மழைநீர் சட்டத்தைச் சுற்றி ஓடிவிடும். சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே பாலியூரித்தேன் சீலண்ட், இரண்டு நாள் காய விடவும். சட்டத்துக்கும் கருவிக்கும் நடுவே அதனுடன் வந்த கேஸ்கட் மட்டும். பசை எதுவும் வேண்டாம். நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கேஸ்கட் பாதித் தடிமனுக்கு நசுங்கும்வரை முறுக்கி நிறுத்துங்கள். அதற்குமேல் முறுக்கினால் ரப்பர் செத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள்.

உங்களுக்குச் சொட்டுவது மழைநீர்தானா என்பதையும் பாருங்கள். நம் புழுக்கத்தில் 15,000 பிடியூ கருவி மணிக்கு 2 லிட்டர்வரை தண்ணீர் பிழியும். பல கருவிகள் அதைக் கூரைமேலேயே விடுகின்றன. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் தட்டு நிரம்பி உள்ளே வழியும். வெயில் நாளிலும் சொட்டினால் இதுதான் காரணம். வடிகால் முனை உள்ள கருவியாக இருந்தால் 12 மி.மீ. குழாயை மூலைத் தூண் ஓரமாக இறக்கி சேஸிஸுக்குக் கீழே விடுங்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் விட்டுவிடாதீர்கள், உள்ளிருந்தே துருப்பிடித்துத் தூண் போய்விடும்.

பொருத்தி முடித்ததும் உள் சீலிங் தட்டைக் கழற்றி, குளிர்காற்று வெளிவரும் அறைக்கும் காற்று திரும்பிப் போகும் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பைப் பாருங்கள். அந்தத் தடுப்பில் சந்து இருந்தால் குளிர்காற்று வண்டிக்குள் வராமல் நேராகத் திரும்பிவிடும். காயில் ஐஸ் கட்டும், கம்ப்ரஸர் சீக்கிரம் நிற்கும். ‘புது ஏசி குளிரவில்லை’ என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலுமினிய ஃபாயில் டேப் ஒரு ரோல் போதும்.

கூரை ஏசி விலைக்கு வீட்டு ஸ்ப்ளிட் மூன்று வாங்கலாம் போலிருக்கிறதே. ஸ்ப்ளிட்டையே வைத்தால் என்ன?
– வாசகர், காரைக்கால்

நடமாடும் கடை, ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் அலுவலகம் போன்றவற்றுக்கு ஸ்ப்ளிட்தான் சரி. மின்சாரம் குறைவாக எடுக்கும், சத்தம் வெளியே நின்றுவிடும், எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், கூரையில் ஓட்டை கிடையாது. தினமும் ஓடும் வண்டிக்கு யோசிக்க வேண்டும். அதிர்வில் முதலில் போவது செம்புக் குழாயைக் கருவியோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டு. கேஸ் மெல்லக் கசியும். குழாயில் ஒரு முழு வளையம் விட்டு, 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் கிளாம்ப் போட்டு, வெளிக்கருவியைப் பின்பக்கம் தனிச் சட்டத்தில் ரப்பர் புஷ்மேல் நிறுத்தினால் தாங்கும். ஓடும்போது வெளிவிசிறி எதிர்க்காற்றில் தாறுமாறாகச் சுற்றாமல் முன்னே ஒரு மறைப்பு வையுங்கள்.

பின்பக்க டிக்கியில் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்து இரவில் ஏசி போட்டுத் தூங்கலாமா?
– வாசகர், லால்குடி

கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் நிறமும் கிடையாது. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். டிக்கிக்கும் படுக்கைக்கும் நடுவே வயருக்காகப் போட்ட ஒரு துளை போதும். பஸ் எஞ்சினை ஐடிலில் விட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

ஜெனரேட்டர் வேண்டுமென்றால் பகலில் பேட்டரி ஏற்ற மட்டும் வையுங்கள். வண்டியிலிருந்து இறக்கி, காற்று வண்டியைத் தாண்டிப் போகும் பக்கத்தில், புகை வண்டிப் பக்கம் வராதபடி குறைந்தது 6 மீட்டர் தள்ளி. தரைத் துளைகள் அத்தனையையும் அடைத்துவிட்டு, படுக்கை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். உங்கள் வண்டியில் ஏசி இல்லாவிட்டாலும் இதை வாங்குங்கள்.

ஆர்டிஓ அனுமதி வேண்டுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உரிமையாளர் இஷ்டப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கையைக் கழற்றிப் படுக்கை போட்டால் வண்டியின் வகை, இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை எல்லாம் மாறும். தங்கும் வண்டிகளுக்கென ஏஐஎஸ் 124 என்ற தர விதியே இருக்கிறது. வெட்டுவதற்கு முன் வரைபடத்தோடு அலுவலகத்தில் கேளுங்கள், முடிந்தபின் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். கூரையில் அவசர வழி இருந்தால் அந்தத் துளையை ஏசிக்குப் பயன்படுத்தாதீர்கள். கவிழ்ந்த வண்டியிலிருந்து வெளியேற அது ஒன்றுதான் மிஞ்சும்.

கருவி 25 முதல் 35 செ.மீ. உயரம் கூட்டும். புதிய மொத்த உயரத்தை அளந்து டிரைவர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சப்வே, தாழ்ந்த மின்கம்பி, வாய்க்கால் கரைச் சாலையின் மரக்கிளை மூன்றுக்கும் அந்த எண் உதவும்.

வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது. ஏசி எத்தனை நாள் தாங்கும்? பராமரிப்பு என்ன?
– வாசகி, வேதாரண்யம்

கண்டன்சரின் அலுமினியத் தகடுகளைச் செம்புக் குழாயோடு சேரும் இடத்தில் உப்புக்காற்று அரிக்கும். தகடு பொடியானால் குளிர்ச்சி குறைந்துகொண்டே வரும். நீலம் அல்லது பொன்னிறப் பூச்சு உள்ள தகடுகளைக் கேட்டு வாங்குங்கள். போல்ட், வாஷர் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உங்கள் ஊரில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்ற வேண்டாம்.

கடலோரம் இல்லாத உள்பகுதிக்காரர்களுக்கும் ஒன்று: சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அறுவடை இயந்திரம் வேறு பதரைக் கிளப்பும். அதெல்லாம் கண்டன்சரில் ஒட்டி மழையில் ஊறிக் களிமண்போல் இறுகிவிடும். தை, மாசியில் வாரம் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். உள் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கழுவுவதற்குமுன் கரண்ட்டைத் துண்டித்து, விசிறி மோட்டாரையும் வயர் பெட்டியையும் பாலித்தீனால் சுற்றிவிட்டு, மெல்லிய பூவாளித் தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள், தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழி அடைபட்டுவிடும்.